இதயத்தில் ஒரு கொசு

தாளாளர் ஞானதுரையின் மகன் விடைத்தாளும் மாணவி முத்துப்பேச்சியின் விடைத்தாளும் தலைமையாசிரியர் மேஜையில் கிடந்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். இதயப் படத்தில்கூட இரண்டிலும் ஒரு கொசு.

“என் மகனைப் பார்த்துத்தான் காப்பி அடிச்சிருக்கா! இல்லேன்னு இப்பவே நிரூபிக்கட்டும். முடியலேன்னா டிசியை வாங்கிட்டுக் கிளம்பட்டும்!” என்று குதித்தார் தாளாளர்.

“சார், இதயத்துல கொசு எதுக்கு?” என்று பணிவாகக் கேட்டாள் முத்துப்பேச்சி.

தாளாளர் மீசையைத் தடவினார். “ரத்தத்தை உறிஞ்ச வேண்டாமா? என் மகன் மூளை யாருக்கு வரும்!”

“எழுதும்போது கடிச்சுது சார். அடிச்சேன், ஒட்டிக்கிச்சு.” தன் தாளை உஃப் என்று ஊதினாள். கொசு உதிர்ந்தது. “இப்ப உங்க மகனோடத ஊதுங்க.”

தாளாளர் ஊதினார். தலைமையாசிரியர் டிசியில் பெயரை மாற்றி எழுதி முடித்த பிறகும் ஊதிக்கொண்டேயிருந்தார்.