மங்கல் கண்ணாடி

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் கோமதிநாயகம், தன்னைவிட இருபது வயது இளையவரிடம் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். ஆசிரியை பெனிட்டா, பாளையங்கோட்டையில் விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுப்பவர். இன்னும் ஃபிலிம் கேமராவை விடாதவர்.

கோமதிநாயகம் கற்றுக்கொள்ள ஒரே காரணம் மகள் இசக்கியம்மாள். உயரம் தாண்டுகிறவள். அவர் எடுத்த படங்களில் பின்னால் இருந்த கொடிக்கம்பம் தெளிவாக விழுந்தது. மகளின் முகம் கலங்கலாக விழுந்திருந்தது.

"அப்பா, இதுல நான் எங்க?" என்று அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மாநிலப் போட்டிக்கு முன் கேமராவோடு பெனிட்டாவிடம் போனார்.

"டீச்சர், கேமராவுக்குள்ள பிம்பம் விழுற கண்ணாடியை மாத்திப் புதுசு போட்டேன். பளிச்சுன்னு இருக்கு. சாயங்காலத்துலகூட எல்லாம் தெளிவாத் தெரியுது. படம் மட்டும் ஏன் கலங்குது?"

பெனிட்டா அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனார். துணிக்கொடியின் ஒரு முனையில் நிறுத்தினார். கொடி நெடுகக் கிளிப்புகள்.

"எந்தக் கிளிப் துல்லியமா இருக்கு, அண்ணாச்சி?"

கேமராவுக்குள் பார்த்தார். "எல்லாந்தான்."

பெனிட்டா கேமராவை வாங்கினார். புதுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சொரசொரப்பான பழைய கண்ணாடியைப் பொருத்திக் கொடுத்தார்.

"இப்போ?"

"இருட்டாக் கெடக்கு டீச்சர்."

"நான் கிளிப்பைக் கேட்டேன்."

கோமதிநாயகம் லென்ஸின் வளையத்தை மெல்லத் திருகினார்.

"அந்த நீலக் கிளிப். அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் கரைஞ்சு போச்சு."

"இன்னும் திருகுங்க."

"நீலம் போச்சு. பச்சை வந்துட்டு."

"இந்தக் கண்ணாடியோடயே கேமராவைக் கொண்டுபோங்க" என்றார் பெனிட்டா.

மாநிலப் போட்டியின் இறுதிச் சுற்று முடியுமுன் பொழுது சாய்ந்துவிட்டது. கடைசியாக வைத்த உயரத்தை யாரும் தாண்டவில்லை. இசக்கியும் இரண்டு முறை கம்பைத் தட்டிவிட்டாள். அவள் இரண்டாம் முறை எம்பியபோதே கோமதிநாயகம் அவள் முகம் வரும் இடத்துக்கு வளையத்தைத் திருகி நிறுத்திக்கொண்டார். படம் எடுக்கவில்லை.

கடைசி வாய்ப்பு. கேமராவுக்குள் மைதானம் மங்கிக் கிடந்தது. இசக்கி ஓடி வந்தாள். புகைபோலத்தான் வந்தாள். கம்புக்கு மேலே உடம்பு வில்லாக வளைந்தது. சட்டென்று முகம் துலங்கியது. அவர் விரல் அழுந்தியது.

கம்பு அசையவில்லை. அரங்கமே எழுந்து நின்றது. தங்கம் இசக்கிக்கு. அவள் மெத்தையிலிருந்து இறங்கி நேரே அப்பாவிடம் ஓடி வந்தாள்.

மறுநாள் பெனிட்டாவின் இருட்டறையில் மூவரும் நின்றார்கள். மருந்துத் தட்டில் மிதந்த தாளில் முதலில் புருவம் எழுந்து வந்தது. பிறகு கடித்த உதடு. இமைமுடிகூடத் தனித்தனியாக.

இசக்கி குனிந்து பார்த்தாள். "கண்ணைத் திறந்துக்கிட்டா தாண்டியிருக்கேன்? மூடிக்கிட்டேன்னுல்லா நெனச்சேன்."

கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பயந்துட்டேன் டீச்சர். ஜனம் தெரியல. கம்புகூடச் சரியாத் தெரியல. எல்லாம் ஒரே மங்கல்."

பெனிட்டா தாளை எடுத்துத் தண்ணீரில் அலசினார்.

"அவ வந்தது தெரிஞ்சுதுல்லா அண்ணாச்சி?"