முப்பத்திரண்டு மீட்டர் வலை

கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிறவர்கள்கூடக் கொஞ்சம் நில்லுங்கள். இதில் நானூறு வாத்துகளின் உயிர் இருக்கிறது.

அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்த்து ஊர் ஊராகப் போகிறவள் பவுனம்மா. கூடவே அவள் புருஷன் கலியபெருமாள், கொழுந்தன் தணிகாசலம். பொழுது சாய்ந்தால் வாத்துகளைச் சுற்றிக் கழி நட்டு வலையால் பட்டி கட்டுவார்கள். நாற்பது மீட்டர் வலை; பக்கத்துக்குப் பத்து மீட்டராகச் சதுரப் பட்டி; சதுர மீட்டருக்கு நாலு வாத்து. அதற்கு மேல் அடைத்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் செத்துவிடும். போன வருஷம் அப்படிச் செத்தவற்றைக் குழி வெட்டிப் புதைத்தவள் பவுனம்மாதான்.

அன்றைக்கு அறுப்புத் தாளை எரிக்க யாரோ வைத்த தீ வலையையும் தொட்டுவிட்டது. கருகியதை அறுத்து எறிந்தபின் மிச்சம் முப்பத்திரண்டு மீட்டர். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கரும்புக் கொல்லைக்குள் நரி ஊளையிட்டது. வலைக்கு வெளியே விட்ட வாத்து விடியும்வரை தங்காது.

"வலையில அஞ்சுல ஒரு பங்கு போச்சு. வாத்துலயும் அஞ்சுல ஒரு பங்கை விட்டுத் தொலைப்போம் அண்ணி. எம்பது போனாப் போவுது, மிச்சத்துக்குச் சதுரமாவே கட்டிடலாம்" என்றான் தணிகாசலம்.

"ஒண்ணையும் விடமாட்டேன்" என்றான் கலியபெருமாள். "நீளம் பத்து அப்படியே இருக்கட்டும். அகலத்தைக் குறைச்சு எல்லாத்தையும் உள்ள தள்ளு."

பவுனம்மா பக்கத்தில் நீண்டு கிடந்த சுடுகாட்டு மதிலைக் காட்டினாள். ஆள் உயரம், ஓட்டை உடைசல் இல்லாத மதில். "அது ஒரு பக்கமா நிக்கட்டும். வலை மூணு பக்கத்துக்குப் போதும். மதிலை ஒட்டின நீளம், அகலத்தைப் போல ரெண்டு மடங்கு."

ஆண்கள் இருவர் முகமும் சுண்டிப்போயிற்று. சுடுகாட்டு மதிலில் பட்டி கட்டினால் வாத்து முட்டை வைக்காது என்பது அவர்கள் கூட்டத்தில் வழிவழியாக வரும் பேச்சு. நரியை விரட்டத் தடி எடுக்கிற ஆண்பிள்ளைகளுக்குப் பேய் என்றால் தொடை நடுங்குகிறது, என்ன செய்ய!

"நாளைக்கு முட்டை இல்லாட்டி?" என்றான் கலியபெருமாள்.

"நாளைக்கு வாத்து இருந்தாத்தானே முட்டையைப் பத்திப் பேசலாம்?"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் பயம்தான். ஊளை இப்போது வரப்பிலிருந்து கேட்டது.

மூன்று பேர், மூன்று யோசனை, ஒரே வலை. ஒரு தடவைக்குமேல் கழி நட இருட்டு விடாது. இதில் யார் சொன்ன பட்டி நானூறு வாத்துகளையும் காப்பாற்றும்?

விடை: தணிகாசலத்தின் சதுரத்தில் பக்கம் ப என்றால் 4ப = 32; ப = 8, இடம் 64. அதில் 256 வாத்துதான் கொள்ளும்; எண்பதை நரிக்குக் கொடுத்தும் மீதி 320 நெரிந்திருக்கும். சுற்றளவு குறைந்த அளவுதான் இடமும் குறையும் என்று அவன் நினைத்தது பிசகு. கலியபெருமாள் கணக்கில் 2(10 + அ) = 32; அ = 6, இடம் 60, இன்னும் மோசம். பவுனம்மா சொன்னதில் அகலம் அ, நீளம் 2அ; வலை அ + 2அ + அ = 32. அ = 8, நீளம் 16, இடம் 128; 512 வாத்துக்குத் தாராளம். அவள் சொன்னபடியே கட்டினார்கள். விடிந்து நானூறும் வயலில் இறங்கி நடந்த பிறகுதான் பவுனம்மா உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.