கிளையைத் தட்டாத கரடி

"வஞ்சி! வஞ்சி!" என்ற கூச்சலைக் கேட்டாலே கரடி தாண்டவனுக்கு வயிறு எரியும்.

காட்டுச் சுனைக்குப் பின்புறம் ஒரு மணல் திட்டு இருந்தது. பெரியவர்கள் யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் சாயங்காலமானால் இளவட்டங்கள் எல்லாம் அங்கேதான் கூடும். என்ன விளையாட்டு? மல்யுத்தம்! சொல்லிக்கொடுக்க ஆசான் இல்லை, அதட்ட அம்மா இல்லை. கேட்கவா வேண்டும்!

மந்தி வஞ்சியும் காட்டுப்பன்றி முட்டனும் மோதினால் நிற்க இடம் இருக்காது. இருவரும் முதலில் கட்டிப் புரளுவார்கள். பிறகு முட்டன் மல்லாந்து விழுந்து, கண்ணை மூடிச் செத்தவன் போலக் கிடப்பான். வஞ்சி மருதமரத்தில் ஏறுவாள். கிளையைப் படார் படார் என்று இரண்டு முறை தட்டுவாள். அடுத்த நொடி ஒரே பாய்ச்சல்! புழுதி பறக்கும். ஐயோ, முட்டன் ஒழிந்தான் என்று எல்லாரும் பதறும்போது அவன் துள்ளி எழுந்து உறுமுவான். நரிகள் ஊளையிட்டு ஆர்ப்பரிக்கும்.

தாண்டவன் ஓரமாக நின்று பல்லைக் கடிப்பான். 'என் ஒரு கையின் கனம்கூட இல்லை. இவளுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' போன கோடையில் முட்டன் அவனோடுதான் சுற்றிக்கொண்டிருந்தான். இப்போது வாயைத் திறந்தால் வஞ்சி புராணம்தான். அதுதான் தாண்டவனுக்குத் தாங்கவில்லை.

"கிளையைத் தட்டுறதைப் பாரு! எல்லாரும் என்னைப் பாருங்கன்னு கூப்பிடுறா. திமிரு!" என்று முணுமுணுப்பான்.

ஒருநாள் முட்டனை வழிமறித்தான்.

"டேய் முட்டா, நாளைக்கு நான் குதிக்கிறேன்டா!"

"நீயா? சும்மா குதிச்சுட முடியாதுடா. நாங்க தினமும் காலையில வந்து பழகுறோம். நீயும் வா, வஞ்சி சொல்லித் தருவா."

"அவ எனக்குச் சொல்லித் தரணுமா? நல்லா இருக்குடா கதை!"

தாண்டவன் வெடுக்கென்று திரும்பி நடந்தான். அன்று தேன் கூட அவனுக்குக் கசந்தது.

மறுநாள் சாயங்காலம். முட்டன் வழக்கம்போல் கண்ணை மூடிக் கிடந்தான். வஞ்சி மரத்தை நெருங்கினாள். தாண்டவன் அவளை இடித்துத் தள்ளிவிட்டு விறுவிறுவென்று மேலே ஏறினான்.

"இறங்குடா! உனக்கு அது தெரியாது!" என்று வஞ்சி அலறினாள்.

"என்னைப் பார்த்து வயித்தெரிச்சலா உனக்கு?" என்றான் தாண்டவன்.

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து முட்டன் கண்ணைத் திறக்கவில்லை.

தாண்டவன் வஞ்சியின் கிளையை விட உயர்ந்த கிளையில் நின்றான். 'அவளைப் போல் தட்டிப் பகட்டு காட்ட மாட்டேன்' என்று நினைத்துக்கொண்டு குதித்தான். எல்லாக் கண்களும் அவன் மேல்! அந்த நொடி அவனுக்கு அவ்வளவு இனித்தது.

மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

முட்டன் போட்ட அலறலில் மயில்கள் சிதறிப் பறந்தன. அவன் பின்னங்கால் முறுக்கிக்கொண்டு கிடந்தது. யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. நரிகள் முதலில் நழுவின. வஞ்சி மட்டும் ஓடி வந்து முட்டன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன்டா தட்டலை?" என்று முட்டன் அழுதான். "முதல் தட்டுக்கு நான் தயாராவேன். ரெண்டாவது தட்டுக்கு உருண்டுடுவேன். அவ பக்கத்து மணல்லதான் விழுவா. அதுக்குத்தான் காலையில நாங்க மணலைக் கிளறிப் போடுறோம். அவ ஒருநாளும் என் மேல விழுந்ததே இல்லடா!"

தினமும் அந்தத் தட்டல் சத்தத்தைக் கேட்டுப் புழுங்கிய தாண்டவன், அது யாருக்காக என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

முட்டன் பிழைத்தான். ஆனால் அதன்பின் அவனால் ஓட முடியவில்லை. தாண்டவன் தினமும் கிழங்கு தோண்டி அவன் முன்னால் வைத்தான். முட்டன் தின்றான். பேசவில்லை.

காடு முழுக்க இப்போது தாண்டவன் பேச்சுதான். "அதோ போறான் பாரு, முட்டன் காலை ஒடிச்ச கரடி!" என்றார்கள்.

பொறாமையோடு பார்ப்பவனுக்குப் பிறர் வாங்கும் பாராட்டு மட்டுமே தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் பழக்கமும் கவனமும் தெரியாமல் அவன் செய்யும் துணிச்சல் தன் சொந்த நண்பனையே ஒடித்துவிடும்.