எட்டாவது வண்டி

"அத்தனை பேரையும் தூக்கிருங்க அம்மணி. நெட் லைன் சரியில்லாத ஆளுகளை வெச்சுக்கிட்டுப் பந்தயம் விட முடியாது."

சொல்லிவிட்டு நின்றான் திருமூர்த்தி. அலுவலகத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

தெய்வானை ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"உக்காருங்ணா."

அவன் உட்காரவில்லை.

தெய்வானை அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் 'ர்' போட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூரில் மூடிப்போன மில் ஒன்றின் பஞ்சு குடோனை அலுவலகமாக்கி, அதில் வீடியோ கேம் செய்துகொண்டிருந்த அந்தக் கம்பெனியில் யாரும் அவரை வேறு மாதிரி பேசிக் கேட்டதில்லை.

சோதனைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். விளையாட்டை ஊருக்கு வெளியிடும் முன் ஆடிப் பார்த்துக் குற்றம் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. யார் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. கன்ட்ரோலரைக் கையில் கொடுத்து "ஆடிப் பாருங்க" என்பார். அதனால் 'குருவம்மா' என்று பேர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பேர்தான். நாளடைவில் கேலி போய்விட்டது, பேர் நின்றுவிட்டது.

"என்ன ஆச்சுங்ணா?"

"குதிக்கறாங்க."

"யாரு?"

"எல்லாருந்தான். வளைவுல ஒரு வண்டி எனக்கு முன்னால போகுது. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள பின்னால நிக்குது. அப்புறம் பாத்தா பாறைக்குள்ள இருந்து வருது. இது பந்தயமா, பேய்ப் படமா?"

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது.

விளையாட்டின் பேர் 'கொண்டை ஊசி'. மலைப்பாதையில் கார் பந்தயம். எட்டுப் பேர் எட்டு ஊரில் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி ஒரே பாதையில் ஓட்டலாம். அந்த எட்டு வண்டியையும் இணையத்தில் ஒன்றாகக் கட்டி ஓடவைக்கும் புரோகிராம் திருமூர்த்தி எழுதியது. இரண்டு வருஷ உழைப்பு. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் லேப்டாப்போடு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பான். மாமனார் அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் முதலாளி வந்து பார்ப்பதாக இருந்தது. எட்டும் ஒழுங்காக ஓடினால் எட்டு. இல்லாவிட்டால் நாலு வண்டி போதும் என்று முடித்துவிடுவார்.

நாலு வண்டி ஓட்டுவதற்கா இத்தனை பாடு? 

"எல்லாரும்னா எத்தனை பேருங்ணா?"

"வெளியூர்ல இருந்து ஆடறாங்களே, அந்த ஆறு பேரும்."

"ஆறு பேருமா?"

"ஒருத்தர் பாக்கியில்லை. கோவிச்சுக்காதீங்க, உங்க வண்டியுந்தான்."

"என்னுதுமா!"

தெய்வானை கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு அதில் ஏதோ சந்தோஷம்கூட இருப்பதாகத் திருமூர்த்திக்குப் பட்டது. அது அவன் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

"ஒவ்வொருத்தர் பேருக்குப் பக்கத்துலயும் லைனுக்கு ஒரு விளக்கு போட்டிருக்கேன்ல? அத்தனையும் செவப்பு."

"அவங்க யாருமே என்கிட்டச் சொல்லலீங்களே, நாங்க குதிக்கறோம்னு."

திருமூர்த்தி சிரித்தான். விவரம் தெரியாதவரிடம் பொறுமையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

"குதிக்கறவனுக்கு அது எப்படிங்க தெரியும்? அவன் வண்டி அவன் ஸ்கிரீன்ல வெண்ணெய் மாதிரி ஓடும். ஸ்டியரிங்கைத் திருப்புனா அப்பவே திரும்பும். நான்தான் அப்படி எழுதி வெச்சிருக்கேன். லைன் மோசமா இருந்தா, அடுத்தவன் வண்டிதான் அவன் கண்ணுக்குக் கோளாறாத் தெரியும். அவன் கணக்குல அவன் யோக்கியன்."

"ஓஹோ."

"அதனால அவனைக் கேட்டுப் பிரயோஜனமில்லை."

"சரிதானுங்ணா."

"அப்பத் தூக்கிருங்க. நல்ல லைன் இருக்கறவங்களா வேற ஆறு பேரைச் சேர்த்துக்கலாம்."

தெய்வானை திரையில் இருந்த பேர்களை ஒரு தடவை பார்த்தார்.

"நாகர்கோவில்ல ஒரு நர்ஸ் பொண்ணு இருக்குதுங்க. டூட்டி முடிஞ்சு வந்தா யூனிஃபார்ம்கூட மாத்தாம ஆட உக்காந்துரும். பாலத்துல போற வண்டி ஆத்துக்குள்ள விழுந்துட்டே இருந்துச்சே, அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னது அதுதான். அதையுமா?"

"அதையுந்தான்."

"ஊட்டி பேக்கரிக்காரரு? மாவு கையோட வந்து ஆடுவாரு."

"எல்லாரையுந்தான் அம்மணி."

சொன்ன பிறகு மனசு உறுத்தியது. சாயங்காலத்தை நினைத்துக்கொண்டான். உறுத்தல் அடங்கிவிட்டது.

தெய்வானை எழுந்தார். தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார்.

"இங்க உக்காந்து நீங்களே பண்ணிருங்க."

"நானா?"

"மவுஸ்ல இதான் தூக்கற பட்டன். இது என் மெஷின்ல மட்டுந்தான் இருக்குது. பந்தயம் ஓடறப்ப எந்த வண்டி குதிக்குதோ அது மேல வெச்சு அமுக்குங்க. ஆள் வெளிய போயிரும். யாரு என்னன்னு பாக்க வேண்டாம். நான் குறுக்க வர மாட்டேன்."

"நீங்க ஆடலையா?"

"உங்க சீட்டுல உக்காந்து ஆடறேன். எட்டுப் பேர் வேணுமில்லீங்களா?"

திருமூர்த்தியின் சீட் குடோனின் கடைசி அறையில் இருந்தது. பதினைந்து நாளாகத்தான் அங்கே. அதற்கு முன் எல்லாரோடும் ஹாலில்தான் இருந்தான். சோதனைக் குழுவின் கூச்சலில் யோசிக்க முடியவில்லை என்று சண்டை போட்டு அந்த அறையை வாங்கியிருந்தான். இரண்டு முழம் அகலத்துக்குக் கருங்கல் சுவர். நெருப்புக்குப் பயந்து மில்காரர்கள் போட்ட இரும்புக் கதவு. இழுத்துச் சாத்தினால் ஹாலில் இடி விழுந்தாலும் கேட்காது. நெட்டுக்கு அங்கே கேபிள் இன்னும் இழுக்கவில்லை, ஹாலிலிருந்து வரும் வைஃபைதான். அப்படி ஓர் இடம் கிடைத்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தெய்வானை அந்தப் பக்கம் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

திருமூர்த்தி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சுற்றிலும் ஒரே கூச்சல். இந்தக் கூச்சலில் இந்த அம்மா எப்படித்தான் வேலை பார்க்கிறாரோ?

பந்தயம் ஆரம்பித்தது.

ஒரு கை கன்ட்ரோலரில், ஒரு கை பட்டன் பக்கத்தில். யாராவது குதிக்கட்டும் என்று காத்திருந்தான்.

முதல் வளைவு. பேக்கரிக்காரரின் சிவப்பு வண்டி அவனை ஒட்டி வந்தது. குதிக்கவில்லை.

இரண்டாவது வளைவு. நர்ஸ் பெண் உள்பக்கமாக நுழைந்தாள். கதவோடு கதவு உரச இரண்டு வண்டியும் ஒன்றாகத் திரும்பின. அவள் பேருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

திருமூர்த்தி கையைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டான்.

மூன்றாவது வளைவில் நாலு வண்டிகள் ஒரே கொத்தாகப் போயின. ஒன்று இன்னொன்றை முந்தியது. முந்தப்பட்டது கொஞ்சம் விலகி, மறுபடி பக்கத்தில் வந்து சேர்ந்தது. சக்கரத்தடியில் புழுதி எழும்பி அடங்குவதுகூடத் தெரிந்தது. எல்லாம் பச்சை விளக்கு.

இரண்டு வருஷமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பந்தயம் இதுதான். இப்படித்தான் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டான். இப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது. தன் கையால் எழுதியதைத் தானே கண்ணாரப் பார்த்துவிட்டதில், சாயங்காலம் யார் வந்து என்ன சொன்னால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அப்போதுதான் அந்த மஞ்சள் வண்டி வந்தது.

அவனுக்கு முன்னால் போனது. பின்னால் நின்றது. பிறகு பாறைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

"வந்துட்டான் பாரு!"

ஆறு பேர் அழகாக ஓட்டுகிறார்கள். ஒரே ஒருத்தன் அத்தனையையும் கெடுக்கிறான். வண்டிகளுக்கு நிறம் ஒவ்வொரு பந்தயத்துக்கும் குலுக்கலில் விழும் என்பதால் மஞ்சள் யாருடையது என்று தெரியவில்லை. பேரைப் படிக்கலாம் என்று பார்த்தால், படிப்பதற்குள் அது வேறெங்கோ இருந்தது. சிவப்பு விளக்கு மட்டும் மின்னி மறைந்தது.

இந்த ஒருத்தனால்தானே ஆறு நல்ல மனுஷர்களைத் தூக்கச் சொன்னேன் என்று திருமூர்த்திக்கு ஆத்திரமாக வந்தது. கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். அவன் வண்டி போய்த் தடுப்புச் சுவரில் முட்டி நின்றது. அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை.

மஞ்சள் வண்டியைக் குறிவைத்து அமுக்கினான். அது அங்கே இல்லை.

மறுபடி அமுக்கினான். அங்கேயும் இல்லை.

"நில்லுடா, உன்னை!"

அடுத்த தடவை சிக்கியது.

திரையின் நடுவே ஒரு கட்டம் திறந்தது. எந்த ஆளையும் வெளியேற்றும் முன் ஒரு தடவை கேட்டுக்கொள்கிற கட்டம்.

'திருமூர்த்தி வெளியேற்றப்படுவார். சம்மதமா?'

அவன் விரல் அப்படியே நின்றது.

முதலில் காது மடல் சூடானது. தன் சீட்டில், தன் பேரில் தெய்வானை ஆடிக்கொண்டிருந்த அந்த இரும்புக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். ஆறு வண்டிகள் அழகாகப் போய்க்கொண்டிருந்தன. அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. ஹாலில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தவர்களே வாயை மூடிக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹெட்செட்டில் தெய்வானையின் குரல் விட்டு விட்டு வந்தது.

"என்னங்... தூக்கி... யாச்சுங்களா?"