அரண்மனை ருசி பார்த்த இரண்டு யோசனைகள்

முன்னொரு காலத்தில், எந்தச் சீமை, எந்த ஆறு என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாத ஒரு நாட்டில், கடைசியாகப் பேசியவர் சொன்னதே சரி என்று நம்பும் அரசர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர்தான். குடிமக்கள் மேல் பிரியம் உள்ளவர். ஆனால் காலையில் ஒருவர் சொன்னதற்குத் தலையாட்டுவார். மதியம் இன்னொருவர் அதற்கு நேர்மாறாகச் சொன்னால் அதற்கும் அதே மனநிறைவோடு தலையாட்டுவார். சாதாரண நாளில் இதனால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. அந்த வருஷம் காய்ச்சல் வந்தது.

கீழ்நாட்டிலிருந்து வந்த படகுகளோடு அது வந்தது. முதலில் இருமல், பிறகு காய்ச்சல், பிறகு மூச்சுத் திணறல். படகுத்துறைத் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் ஒப்பாரி கேட்டது. அரண்மனை வைத்தியச்சி நாச்சியம்மை சபைக்கு வந்து ஒளிக்காமல் சொன்னாள்.

“அரசே, இதற்கு இன்னும் மருந்து இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு வருஷம் ஆகலாம், மேலும் ஆகலாம். அதுவரை இது மூச்சுக்கு மூச்சு, கைக்குக் கை தாவும். அதை எப்படித் தடுப்பது என்று தாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.”

கோட்டைத் தளபதி மாவலியார் எழுந்தார். “எல்லாவற்றையும் மூடுவோம் அரசே! கோட்டைக் கதவு, கடை, வீடு, எல்லாம். யாரும் வாசல்படி தாண்டக் கூடாது. தானாகச் செத்துப்போகும் காய்ச்சல்.”

“ஆகா!” என்றார் அரசர். முரசு அறையப்பட்டது. கதவு மூடப்பட்டது.

மதியம் சுங்கத் தலைவர் பூதலிங்கர் வந்தார். “மூடினால் நாடு பட்டினியில் சாகும் அரசே. திறந்துவிடுங்கள். வாலிபர்களுக்கும் திடகாத்திரமானவர்களுக்கும் வந்து போகட்டும். கிழவர்களை மட்டும் உள்ளறையில் வைத்துக் காப்போம். எல்லோருக்கும் வந்துவிட்டால் பிறகு காய்ச்சலுக்குப் போக இடமேது?”

“அதுவும் ஆகா!” என்றார் அரசர். முரசு அறையப்பட்டது. கதவு திறக்கப்பட்டது.

மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாளும் இதேதான். கத்தரிக்காய் விற்கிறவள் கூடையோடு பாதி வழி வந்து, மூடியாயிற்று என்று கேட்டுத் திரும்பிப் போய், வீட்டு வாசலில் கூடையை இறக்குவதற்குள் திறந்தாயிற்று என்று கேட்பாள். கோட்டை வாயிற்காவலன் கதவைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டு அதில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். காய்ச்சல் மட்டும் குழம்பவில்லை. அது பாட்டுக்குத் தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தது.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எரிச்சலில் வெந்துகொண்டிருந்தவன் வெண்காடன். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அவரைச் சிந்திக்க வைப்பதும் தன் வேலைதான் என்று அவனாக எடுத்துக்கொண்டிருந்தான். அதனாலேயே சபையில் பாதிப் பேருக்கு அவனைக் கண்டால் ஆகாது. மாவலியாரும் பூதலிங்கரும் எதிலும் ஒத்துப்போகாதவர்கள். வெண்காடனை ஒழிக்க வேண்டும் என்பதில் மட்டும் அண்ணன் தம்பி.

ஒருநாள் இருவரும் சேர்ந்து வந்து வணங்கினார்கள். “அரசே, எங்கள் யோசனை எதுவும் பூரணமில்லை என்று வெண்காடர் ஊரெல்லாம் கேலி பேசுகிறார். அப்படியானால் பூரணமான வழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதவையும் மூடக் கூடாது, புதிதாக ஒருவருக்கும் காய்ச்சல் வரவும் கூடாது. அப்படி ஒரு வழியை அவரே சொல்லட்டும்.”

அரசர் முகம் மலர்ந்தது. “இதுவல்லவா வேண்டும்! வெண்காடா, அந்த வழியைக் கண்டுபிடி. முடியாவிட்டால் குடும்பத்தோடு ஆற்றைக் கடந்து போய்விடு.”

ஆற்றுக்கு அக்கரையில் காய்ச்சல் இங்கிருப்பதைவிட அதிகம். அது அரசருக்கு அந்த நேரத்தில் நினைவில் இல்லை. மற்ற இருவருக்கும் நன்றாக நினைவில் இருந்தது.

வெண்காடன் வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி வடிவம்மை அப்போதுதான் படகுத்துறையிலிருந்து திரும்பியிருந்தாள். அவள் தம்பி கடம்பன் படகோட்டி. அவனுக்கும் காய்ச்சல். அவன் வீட்டு வாசலில் கஞ்சியை வைத்துவிட்டு, எட்ட நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு வருவாள்.

“எப்படி இருக்கான்?”

“மூச்சு வாங்குது. அக்கா கிட்ட வராதேங்கறான்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “உங்க சபையில என்னதான் பேசறீங்க? காலைல மூடுன்னு முரசு, மதியம் திறன்னு முரசு. அன்னைக்குத் திறந்தாங்கன்னுதானே அவன் சந்தைக்குப் போற கூட்டத்தையெல்லாம் படகுல அள்ளிப் போட்டு ஓட்டினான்? இன்னைக்கு அவனும் அந்தக் கூட்டமும் படுத்துக் கிடக்கறாங்க.”

வெண்காடன் அரசரின் ஆணையைச் சொன்னான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏங்க, உங்க மகாராசா ஒரு வாய் சோறு திங்கறதுக்கு முன்னாடி ஒருத்தன் தின்னு பாக்கறான்ல? ஊருக்கே ஊட்டறாரே, அதை மட்டும் யாரும் தின்னு பாக்க வேணாமா?”

வெண்காடன் தலைப்பாகையை மறுபடி கட்டிக்கொண்டு அரண்மனைக்குக் கிளம்பினான்.

“அரசே,” என்றான் சபையில், “வழி தேட எனக்கு ஒரே ஒரு அனுமதி வேண்டும். நாட்டுக்குப் பரிமாறுவதற்கு முன் ஒவ்வொரு யோசனையையும் அரண்மனை ருசி பார்க்கட்டும். நாளை தளபதி சமைத்தது. அடுத்த நாள் சுங்கத் தலைவர் சமைத்தது.”

விளையாட்டு என்றால் அரசருக்கு உயிர். சம்மதித்தார்.

மறுநாள் விடிந்ததும் அரண்மனைக் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தாழிடப்பட்டன. இருப்பவர் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், வாசல்படி தாண்டக் கூடாது. மாவலியாரின் யோசனை வார்த்தை பிசகாமல் நடந்தது. அந்த நேரத்தில் அரசர் குளியலறையில் இருந்தார்.

முதலில் அவருக்குச் சிரிப்பாக இருந்தது. வெயில் ஏறிய பிறகு அவ்வளவாக இல்லை. ஈரத் துண்டோடு கதவைத் தட்டினார். “வெண்காடா! பசிக்கிறது!”

“சோறு தயாராக இருக்கிறது அரசே. மடைப்பள்ளியில் இருக்கிறது. சமையற்காரர் வாசல்படி தாண்டக் கூடாதே.”

“நீ கொண்டு வா!”

“நான் தாழ்வாரத்தில் மாட்டிக்கொண்டேன் அரசே.”

மாவலியார் யானைக் கொட்டாரத்தில் மாட்டியிருந்தார். அவர் போட்ட சத்தம் அரண்மனை முழுக்கக் கேட்டது. பொழுது சாய்வதற்கு முன்பே அரசர் தோளால் மோதித் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

“தளபதி சொன்னது பொய்யில்லை அரசே,” என்றான் வெண்காடன், அவருக்கு உலர்ந்த வேட்டியை நீட்டியபடி. “இன்று யாரிடமிருந்தும் யாருக்கும் எதுவும் தாவவில்லை. ஆனால் உள்ளே சோறு இல்லாதவன் கதவை உடைக்கத்தான் செய்வான். தாங்கள் ஒரு பகல்கூடத் தாங்கவில்லை.”

அரசர் வாய் நிறையச் சோற்றோடு தலையாட்டினார்.

அடுத்த நாள் காலை வெண்காடன் புறப்படும் முன்பே படகுத்துறையிலிருந்து ஆள் வந்துவிட்டான். கடம்பன் போய்விட்டான். கிட்டே போய் அழக்கூட வழியில்லை. வடிவம்மை கதவோரம் உட்கார்ந்திருந்தாள். வெண்காடனும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள்தான் முதலில் பேசினாள்.

“நீங்க போங்க. இன்னைக்கு நீங்க போகலைன்னா சாயங்காலம் மறுபடி ஒரு முரசு கேக்கும்.”

அவன் போனான். சொல்லிவைத்திருந்தபடி சாயப்பட்டறையிலிருந்து இரண்டு பேர் அவுரிச் சாயக் குடங்களோடு வந்து காத்திருந்தார்கள்.

“இன்று எல்லாம் திறந்திருக்கும். எல்லோரும் வழக்கம்போல வேலை செய்யலாம்,” என்றான் வெண்காடன். “இந்த நீலம்தான் காய்ச்சல். சுங்கத் தலைவர் திடகாத்திரமானவர், அவர் உள்ளங்கையிலிருந்து தொடங்குவோம். யார் மேல் நீலம் பட்டாலும் அவர் கையிலும் இவர்கள் சாயம் பூசிவிடுவார்கள். வயதான அரசமாதாவை மட்டும் உள்ளறையில் வைத்து, வாசலில் காவல் போட்டுக் காப்போம்.”

பூதலிங்கர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அவர் தொட்ட வெற்றிலைத் தட்டு நீலமானது. தட்டை எடுத்தவன் கை நீலமானது. அவன் பிடித்து நின்ற தூணில் சாய்ந்தவர் முதுகு நீலமானது. மதியத்துக்குள் குடங்களை மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. அரசர் யோசிக்கும்போது மீசையை முறுக்கும் பழக்கம் உள்ளவர். ஒரு பக்க மீசை நீலமாகியிருந்தது. சபையே வயிறு வலிக்கச் சிரித்தது. வெண்காடன் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்க வைப்பவன் சிரிக்காமல் நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

மாலையில் எல்லோரும் உள்ளறைக்குப் போனார்கள். வாசலில் காவலர்கள் விறைப்பாக நின்றார்கள். வெளியாள் ஒருவரையும் விடவில்லை என்று சத்தியம் செய்தார்கள். உள்ளே அரசமாதா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் கன்னத்திலும் நெற்றியிலும் நீலம்.

“என்னப்பா இது?” என்றார் கிழவி. “காலைல தலை வாரிவிட வந்தவ கையில ஏதோ ஒட்டியிருந்துச்சு.”

சிரிப்பு நின்றுவிட்டது. அரசர் தன் தாயின் கன்னத்தைத் துடைக்கக் கையை நீட்டினார். தன் கையும் நீலம் என்று கண்டு பின்வாங்கிக்கொண்டார்.

பூதலிங்கர் தொண்டையைச் செருமினார். “வெறும் சாயம்தானே அரசே. கழுவினால் போய்விடும்.”

“ஆமாம், சாயம்தான்!” என்றான் வெண்காடன். அவன் குரல் உயர்ந்து அந்தச் சபை கேட்டதில்லை. “படகுத்துறையில் சாயம் இல்லை ஐயா. இன்று காலை என் மைத்துனன் போய்விட்டான். வாலிபன். திடகாத்திரமானவன். அவன் துடுப்புப் போட்டால் படகு இரண்டு ஆள் வேகத்தில் போகும். உங்கள் கணக்குப்படி அவனுக்குக் காய்ச்சல் வந்து போயிருக்க வேண்டும். அவனுக்கு வந்தது. அவன்தான் போய்விட்டான்.”

அரசர் மெல்லக் கேட்டார். “நாம் கேட்ட வழி? கதவும் மூடாமல், காய்ச்சலும் வராமல்?”

“தேடச் சொன்னீர்கள், தேடினேன். அப்படி ஒன்று இல்லை. இல்லாததைக் கண்டுபிடிக்காததற்கு ஆற்றைக் கடக்க வேண்டும் என்றால் கடக்கிறேன். எந்த வழியிலும் இழப்பு உண்டு அரசே. குறைவாக இழக்கும் வழிதான் இருக்கிறது. இருமுகிற வீட்டையும் அவர்களோடு பழகிய வீட்டையும் மட்டும் மூடுங்கள். மூடிய வீட்டு வாசலில் அரண்மனை நெல் தினமும் போய் நிற்கட்டும். சந்தையை ஆற்று மணலில் எட்ட எட்டப் பரப்புங்கள். தேர், சேவல் சண்டை, இந்தச் சபை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நோயாளிகள் கூடினால் இறுக்குங்கள், குறைந்தால் தளர்த்துங்கள். பேசுகிற ஆள் மாறுகிறார் என்பதற்காக மாற்றாதீர்கள்.”

“அதுவும் சரிதான். ஆனால் மாவலியார் என்ன நினைக்கிறார் என்று...”

“அரசே!” வெண்காடன் தலையில் கையை வைத்துக்கொண்டான். “தங்கள் முரசறைபவனுக்குத் தொண்டை போய்விட்டது. நாச்சியம்மை பார்த்துவிட்டுச் சொன்னார், இன்னும் ஒரே ஒரு அறிவிப்புக்குத்தான் அவனிடம் குரல் மிச்சம் இருக்கிறதாம். எதற்குச் செலவழிப்பது என்று தாங்களே முடிவு செய்யுங்கள்.”

அரசர் அவனை உற்றுப் பார்த்தார். பாதி நீலமாயிருந்த மீசை துடித்தது. பிறகு அவரால் அடக்க முடியாமல் சிரிப்பு வெடித்தது. சிரித்து முடித்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“வெண்காடன் சொன்னதை அறிவியுங்கள்,” என்றார். “மாவலியாரே, மூடிய வாசல்தோறும் நெல் கொண்டுபோகும் பொறுப்பு உமக்கு. பூதலிங்கரே, ஆற்று மணலில் சந்தை போடும் வேலை உமக்கு. இனி இது பற்றி நாச்சியம்மை சொன்னால் மட்டும் கேட்போம்.”

இருவரும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஆனாலும், சொல்ல வேண்டும், வேலையை ஒழுங்காகவே செய்தார்கள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் பசியை அறிந்திருந்த அரசர் களஞ்சியத்தைத் தாராளமாகவே திறந்தார். காய்ச்சல் உடனே போய்விடவில்லை. மழைக்காலத்தில் தணிந்தது, பனிக்காலத்தில் மறுபடி தலைகாட்டியது, மறுபடி இறுக்கினார்கள். அப்போதும் உயிர்கள் போயின. அக்கரையில் போன அளவுக்குப் போகவில்லை. நாச்சியம்மை இன்னும் வேர்களை அரைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஓரளவு ஊர் மூச்சு விட்ட ஒரு காலையில் அரசர் வெண்காடனைக் கூப்பிட்டு அனுப்பினார். திறந்த முற்றத்தில், எட்ட எட்டப் போட்ட ஆசனங்களில் சபை உட்கார்ந்திருந்தது. பட்டும் பொன்னும் கொடுத்தார். கடம்பனின் பெயரில் படகுத்துறைக்கு ஒரு புதுப் படகும் கொடுத்தார். அதைக் கேட்டபோது வெண்காடன் தலையைக் குனிந்துகொண்டான்.

“இன்னும் என்ன வேண்டும்? எதுவானாலும் கேள்.”

“ஒன்றே ஒன்று அரசே. வீட்டிலிருந்து இங்கே வருவதற்குள் காய்கறிக்காரி கேட்கிறாள், காவலன் கேட்கிறான், மந்திரி கேட்கிறார், பூதலிங்கர் ஒரு நாளைக்கு மூன்று தரம் கேட்கிறார். இது எப்போது முடியும் என்று இனி ஒருவரும் என்னைக் கேட்கக் கூடாது. எனக்குத் தெரியாது. நாச்சியம்மைக்கே தெரியாது.”

சபை சிரித்தது. அரசரும் தொடையில் தட்டிச் சிரித்தார். “தந்தோம்! இந்த நாட்டில் இனி யாரும் உன்னை அப்படிக் கேட்க மாட்டார்கள். இது அரச வாக்கு.”

வெண்காடன் வணங்கிவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாகப் படியிறங்கினான். கடைசிப் படியில் கால் வைத்திருப்பான், பின்னாலிருந்து குரல் கேட்டது.

“வெண்காடா, அது சரி... சும்மா நமக்குள் சொல்லேன். எப்போதுதான் முடியும்?”