ஒட்டாத விரிப்பு

காட்டோரத்து ஓட்டு வீடு ஒன்றின் கொல்லைக்கு ஒரு மூஞ்சூறு குடிவந்தது. அதன் பெயர் செவ்வந்தி. ஒரு நிமிடம் ஓர் இடத்தில் நிற்காது. ஓடும், மோப்பம் பிடிக்கும், திரும்ப ஓடும். கண் பார்வை ரொம்பவும் மட்டு. மூக்கும் மீசையும்தான் அதற்கு எல்லாம்.

கூடவே நான்கு குட்டிகள். மூஞ்சூறுக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே கிளம்பினால் முதல் குட்டி தாயின் பின்புறத்தைக் கவ்விக்கொள்ளும். அதன் பின்புறத்தை அடுத்த குட்டி கவ்வும். இப்படியே நால்வரும் ரயில் வண்டியாகப் போவார்கள். கடைசிப் பெட்டி எப்போதும் பொடியன்தான்.

கொல்லையில் ஒரு விறகு அடுக்கு இருந்தது. அதன் கீழே ஈர இலைகளும் தேங்காய் மட்டைகளும் மக்கிக் கிடந்தன. "என்ன குளுகுளுன்னு இருக்கு!" என்று செவ்வந்தி அங்கேயே தங்கிவிட்டது.

மறுநாள் காலை தொல்லை ஆரம்பித்தது. செம்பருத்திச் செடிக்கும் சுவருக்கும் இடையே தோட்டத்துச் சிலந்தி ஒன்று சக்கரம் போல வலை கட்டியிருந்தது. செவ்வந்தி ஓடிய வேகத்தில் வலை முகமெல்லாம் அப்பிக்கொண்டது.

"த்தூ! யாருடி இது, நடக்கிற வழியில?"

"நான்தான்க்கா! நான் கொசு பிடிச்சுப் பிழைக்கிறவ. கொஞ்சம் ஒதுங்கிப் போங்களேன்!"

"பிள்ளைங்க இருக்கிற இடத்துல சிலந்தியா? விஷம்!"

"என் விஷம் கொசுவுக்குத்தான்க்கா போதும். நீங்க பயப்பட வேண்டியவன் விறகுக்கு அடியில இருக்கான். அவன் வலை எண்ணெய் ஊத்துற புனல் மாதிரி இருக்கும். வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல், கடைசியில ஒரு பொந்து. அதுக்குள்ள கறுப்பா, பளபளன்னு உட்கார்ந்திருப்பான்!"

செவ்வந்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. விறகடிக்கு ஓடி மீசையால் துழாவியது. பட்டுத்துணி மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. தொட்டது, ஒட்டவில்லை. மறுபடி தொட்டது, அப்போதும் ஒட்டவில்லை. சிலந்தி வலை என்றால் ஒட்ட வேண்டும், இது ஒட்டவில்லை, ஆகவே இது வலையே இல்லை! செவ்வந்தியின் ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

"வாங்கம்மா!" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "புதுசா வந்தவங்களா? குழந்தைங்களுக்குத் தரை சில்லுன்னு இருக்குமே. என் விரிப்புல படுக்க வையுங்க!"

"எவ்வளவு நல்ல மனசு! நீங்க யாருங்க?"

"ஒரு ஓரமா கிடக்கிறவன்மா. யார் வழிக்கும் போறதில்ல."

சுவரிலிருந்த பல்லி பதறிப்போய்க் கத்தியது. "செவ்வந்தி! அதுதான் புனல் வலை!"

"தொட்டுப் பார்த்தாச்சு அண்ணே! ஒட்டல!"

"ஒட்டாதும்மா! அதுதான் அவன் அடையாளமே! வாசல்ல பரப்பி வச்சிருக்கான் பாரு நூலு, அதை மிதிச்சா உள்ளே அதிரும், பாய்ஞ்சு வருவான். இந்த ஈர இலையை எல்லாம் வாரி எறி. வெயில் பட்டா அவனே போயிடுவான்!"

"இவ்வளவு குளிர்ச்சியான இடத்தைக் கலைக்கிறதா? நல்லா சொன்னீங்க போங்க!"

மூன்றாம் நாள் காலையும் முகத்தில் வலை ஒட்டியது. செவ்வந்தி வெறிபிடித்தாற்போலச் சக்கர வலையை நூல் நூலாக அறுத்துப் போட்டது.

"அக்கா, வெட்டவெளியில நான் எங்க போவேன்?"

"எங்கேயோ தொலை!"

தோட்டத்துச் சிலந்தி சுவரில் தவித்தபடி ஏறியது. எங்கிருந்தோ வந்த கரிச்சான் குருவி அதைக் கொத்திக்கொண்டு பறந்தது. பாவம், அது யாருக்கு என்ன தீங்கு செய்தது? செவ்வந்திக்கோ ஒரே நிம்மதி. "ஒழிஞ்சது சனியன்! வாங்க கண்ணுங்களா, மெத்தையில படுக்கலாம்" என்று குட்டிகளை வரிசையாக விறகடிக்குக் கூட்டிப் போனது.

வரிசை முழுவதும் உள்ளே வர இடம் விட்டு, தாய் விரிப்பை ஒரே தாவாகத் தாண்டியது. மூன்று குட்டிகளும் தாண்டின. பொடியனுக்குத் தாவ எட்டவில்லை; விரிப்பில் கால் வைத்தான். நூல் அதிர்ந்தது.

"ம்ம்ம்!" என்று கவ்விய பல்லை எடுக்காமலே பொடியன் அலறினான்.

கறுப்பாக ஒன்று பொந்திலிருந்து பாய்ந்து பொடியனின் பின்னங்காலைக் கவ்வி உள்ளே இழுத்தது. செவ்வந்தியின் பின்புறம் விண்ணென்று இழுபட்டது. "விடாதீங்கடா! பல்லை எடுக்காதீங்க!" என்று அலறியபடி அது நகத்தை மண்ணில் ஊன்றி முன்னால் இழுத்தது. ஒரு குட்டியும் பிடியை விடவில்லை. பல்லி சுவரிலிருந்து தொப்பென்று குதித்துச் சிலந்தியின் காலைக் கடித்தது. சிலந்தி பிடியை விட்டுவிட்டுப் பொந்துக்குள் மறைந்தது.

பொடியனின் கால் வீங்கியது. உடம்பு அனலாய்க் கொதித்தது. செவ்வந்தி அவனை நக்கும், பல்லியிடம் ஓடும், திரும்ப வந்து நக்கும்.

"பிழைச்சுக்குவானா அண்ணே?"

பல்லி சுவரிலிருந்து இறங்கி வந்து பொடியனின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் பொடியன் கண் திறந்து, "பசிக்குது" என்றான். உயிர் தங்கியது. கால் மட்டும் பிறகு நேராகவே இல்லை.

விடிந்ததும் செவ்வந்தி இலைகளையும் மட்டைகளையும் இழுத்து வெயிலில் எறிந்தது. பொந்துக்குள் மூக்கை விடாமல் தூர நின்றே காலால் மண்ணைத் தள்ளியது. ஈரம் காயக் காய, புனல் வலைச் சிலந்தி அந்த இடம் வேண்டாமென்று காட்டுக்குள் போய்விட்டது.

நொண்டிக்கொண்டே வந்த பொடியன் கேட்டான். "அம்மா, நல்ல சிலந்தி எது, கெட்ட சிலந்தி எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

செவ்வந்தி முதல்முறையாக அசையாமல் நின்றது. "உங்க அம்மா திட்டி விரட்டினாளே, அவ நல்லவ. உங்க அம்மா நல்ல மனசுன்னு புகழ்ந்தாளே, அவன் கெட்டவன்" என்று சொல்லி அழுதது.

நமக்கு இடைஞ்சலாக இருப்பவரைப் பகைவர் என்றும் இதமாக இருப்பவரை நண்பர் என்றும் விசாரிக்காமல் முடிவுகட்டுகிறவர், தம் பிள்ளைகளைத் தாமே ஆபத்தின் வாசலில் கொண்டுபோய் விடுவார்.