இரண்டு பிரேக் வண்டி

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபது. ஆசிரமம் என்று பார்த்தால், பாளையங்கோட்டையில் ‘எல்’ போர்டு மாட்டிய ஒரு பழைய வெள்ளைக் கார்.

குரு ஜெபராணி, ஒன்பது வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். சீடர் அம்பலவாணன், அரசு வேலையிலிருந்து மூன்று மாதம் முன்பு ஓய்வு பெற்றவர். கையில் பதினெட்டு லட்சம் வந்திருந்தது. அதில் மாடி கட்டி வாடகைக்கு விடலாம் என்று அவர் மனைவி கோமதி ஆசையாக இருந்தாள். அவர் ஆசை வேறு.

பதினான்காம் நாள் காலை, ஸ்டியரிங்கைப் பிடித்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இந்த கிரிப்டோ காசு இருக்குல்லா? போன மாசம் பத்தாயிரம் போட்டேன். பதினாறாயிரம் ஆயிட்டு.”

“நல்லதுதானே சார்.”

“அதான், இன்னைக்கு மொத்தத்தையும் போட்டுறலாமான்னு பாக்கேன். பதினெட்டு லட்சம். வீட்ல தெரியாது.”

வேறு யாராக இருந்தாலும் தூக்கிவாரிப் போட்டிருக்கும். ஜெபராணி தினமும் புதியவர்களை நம்பி லாரிக்கு எதிரே போகிறவள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“அதைப் பத்தி உங்களுக்கு என்ன சார் தெரியும்?”

“பெருசா ஒண்ணும் தெரியாது. ஆனா எனக்குக் கை ராசி உண்டு மேடம். காரையே எடுத்துக்கோங்க. பதிமூணு நாள்ல ஒரு தடவை வண்டி ஆஃப் ஆச்சா?”

“இல்ல சார்.”

“எங்கயாவது இடிச்சேனா?”

“இல்ல சார். வண்டியை மைதானத்துக்குள்ள விடுங்க.”

ஆள் நடமாட்டமில்லாத மைதானம். கோடியில் ஒரு மண்மேடு.

“மேட்டுல ஏத்துங்க. பாதியில நிறுத்திட்டு மறுபடி எடுங்க.”

“நேத்தும் செஞ்சேனே. இதென்ன பிரமாதம்?”

ஏற்றினார். நிறுத்தினார். எடுத்தார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி எடுத்தார். முன்னே போக வேண்டிய கார் பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக்கைத் தேடிய கால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, எஞ்சின் அலறியது. அதைவிடச் சத்தமாக அம்பலவாணன் “முருகா!” என்று அலறினார்.

ஜெபராணி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கார் நின்றது.

“மேடம், வண்டியில என்னமோ கோளாறு.”

“வண்டி நல்லாத்தான் இருக்கு. இங்க பாருங்க சார்.”

பார்த்தார். குரு சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் சும்மா கிடந்தன. பயிற்சி வண்டியில் அவை இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆபத்துக்குத்தான் என்று நினைத்திருந்தார். ‘கண்ணு ரோட்டுல இருக்கட்டும்’ என்று அவள் முதல் நாள் சொன்னதை அப்படியே கடைப்பிடித்ததால், அவள் காலை ஒரு நாளும் கவனித்ததில்லை.

“அப்போ பதிமூணு நாளும்?”

“பாதி வண்டி நான்தான் சார் ஓட்டினேன்.”

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பிறகு, அந்த “முருகா” நினைவுக்கு வந்து, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குருவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் சட்டைப்பையில் இருந்த போன் அவரை உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

“கார் கிடக்கட்டும் மேடம். அந்தப் பத்தாயிரம் பதினாறாயிரம் ஆனது? அது நானே ஓட்டினதுதானே?”

ஜெபராணி காலை இன்னும் கீழே இறக்கவில்லை.

“அந்தக் காசு ஏறின மாசம் பக்கத்து சீட்ல யாரு சார் இருந்தா?”

அம்பலவாணன் யோசித்தார். “தெரியலையே.”

“அவங்க காலைத் தூக்கும்போது உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் தூக்குவாங்களா?”

அம்பலவாணன் போனை எடுத்து அணைத்து டேஷ்போர்டுக்குள் போட்டு மூடினார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, குனிந்து தன் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.